கெர்னலின் பெரிய பூட்டு: போட்டது 1996, கழற்றியது 2011

2011 மார்ச் மாதம் லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு சின்ன மாற்றம் வந்து சேர்ந்தது. புது வசதி எதுவும் அதில் இல்லை. இருந்த சில வரிகளை நீக்கியதுதான் மொத்த மாற்றமும். அனுப்பியவர் ஆர்ண்ட் பெர்க்மன். பழைய கார்ட்டூன் படங்கள் முடியும்போது, கதை தீர்ந்தது என்று சொல்லித் திரையில் ஒரு வாசகம் வருமே, அதையே அந்த மாற்றத்துக்குத் தலைப்பாக வைத்திருந்தார். இந்த வேட்டையில் கலந்துகொண்ட எல்லோருக்கும் இதன் பெருமை சேர வேண்டும் என்றும் கீழே எழுதியிருந்தார்.

சில வரிகளை அழிக்க இத்தனை பேர் எதற்கு? அதற்குப் பதினைந்து வருடம் எதற்கு? ஒரு பூட்டைப் போடுவது எவ்வளவு சுலபம், கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்குக் கணினி வரலாற்றில் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஒரே ஒரு ப்ராசசர் இருந்த காலம்

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுத ஆரம்பித்தபோது அவரிடம் இருந்தது இன்டெல் 386 கணினி. அதில் ஒரே ஒரு ப்ராசசர். ஒரே நேரத்தில் பல வேலைகள் நடப்பது போலத் தெரிந்தாலும், உண்மையில் ப்ராசசர் ஒவ்வொரு வேலையாக மாறி மாறித்தான் செய்துகொண்டிருந்தது.

அன்றைய லினக்ஸில் ஒரு எளிமையான விதி இருந்தது. ஒரு ப்ராசஸ் கெர்னலுக்குள் நுழைந்துவிட்டால், அது தானாக விட்டுக்கொடுக்கும் வரை வேறு எந்த ப்ராசஸும் கெர்னலுக்குள் ஓடாது. எப்போது விட்டுக்கொடுக்கும்? வட்டிலிருந்து தகவல் வர வேண்டும் என்று காத்திருக்க நேரும்போது. கெர்னல் மொழியில் இதற்கு 'தூங்குவது' என்று பெயர். தூங்காத வரை அந்த ப்ராசஸ்தான் ராஜா. கெர்னலின் தகவல் அட்டவணைகளை இஷ்டம்போல மாற்றலாம். இன்டரப்ட் தவிர, குறுக்கே வர வேறு ஆள் கிடையாது.

இந்த விதியை நம்பித்தான் கோப்பு முறைமைகள், டிவைஸ் டிரைவர்கள், டெர்மினல் நிரல்கள் எல்லாம் எழுதப்பட்டன. அந்த விதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த இடத்தில் யார் எதற்காக அதை நம்பியிருக்கிறார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது ப்ராசசர் வந்தது

தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு ப்ராசசர் உள்ள மதர்போர்டுகள் கைக்கு எட்டும் விலையில் வர ஆரம்பித்தன. இப்போது இரண்டு ப்ராசஸ்கள் நிஜமாகவே ஒரே நொடியில் கெர்னலுக்குள் ஓட முடியும். இதில் என்ன ஆபத்து?

ஒரு கோப்பு முறைமையை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டில் எந்தெந்தத் தொகுதிகள் காலியாக இருக்கின்றன என்று அது ஒரு அட்டவணை வைத்திருக்கும். முதல் ப்ராசசர் அட்டவணையைப் பார்க்கிறது. 500-ஆவது தொகுதி காலி. அதே நேரத்தில் இரண்டாவது ப்ராசசரும் பார்க்கிறது. அதற்கும் 500 காலியாகத்தான் தெரிகிறது. இரண்டும் அதை 'என்னுடையது' என்று குறித்துக்கொள்கின்றன. ஒருவருடைய கடிதத்தின் நடுவில் இன்னொருவருடைய புகைப்படம் போய் உட்கார்ந்துகொள்ளும்! இதைத்தான் 'ரேஸ் கண்டிஷன்' என்கிறார்கள். ஆயிரம் முறை ஒழுங்காக ஓடிவிட்டு ஆயிரத்தோராவது முறை மட்டும் கவிழ்க்கும். திரும்ப வரவழைத்துப் பார்க்கலாம் என்றால் வராது.

இதைத் தடுக்கத்தான் பூட்டு. அட்டவணையைத் தொடுவதற்கு முன்னால் பூட்ட வேண்டும், வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும். பூட்டியிருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும்.

ஆனால் லட்சக்கணக்கான வரிகள் உள்ள கெர்னலில் எங்கெல்லாம் பூட்டு தேவை என்று தேடிப் போடுவது நடக்கிற காரியமா? ஆலன் காக்ஸ் முன்னின்று செய்த பல்ப்ராசசர் வேலையில் ஒரு குறுக்குவழி கையாளப்பட்டது. முழு கெர்னலுக்கும் ஒரே பூட்டு. எந்த ப்ராசசர் உள்ளே வந்தாலும் அந்தப் பூட்டை வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். 1996 ஜூனில் வெளிவந்த லினக்ஸ் 2.0 இப்படித்தான் ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராசசர்களில் ஓடியது. இதற்குப் பெயர் 'பிக் கெர்னல் லாக்'. சுருக்கமாக பி.கே.எல்.

பத்து அறைகள் உள்ள பெரிய வீட்டுக்கு வாசலில் ஒரே பூட்டு, ஒரே சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சமையலறையில் இருந்தால் இன்னொருவர் மாடிக்குக்கூடப் போக முடியாது. பாதுகாப்புதான். ஆனால் இரண்டு பேர் வீட்டில் இருந்து என்ன பிரயோஜனம்?

குறுக்குவழி என்று இதைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அன்றைக்கு அது சரியான முடிவுதான். பழைய நிரல்கள் ஒரு வரிகூட மாறாமல் புது இயந்திரத்தில் ஓடின. பூட்டை மெதுவாகச் சின்னச் சின்னப் பூட்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அந்த 'மெதுவாக' எவ்வளவு காலம் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

தூங்கினால் நழுவும் சாவி

பி.கே.எல். சாதாரணப் பூட்டு அல்ல. அதற்கு இரண்டு விசித்திர குணங்கள் இருந்தன.

முதலாவது, ஏற்கெனவே சாவியை வைத்திருப்பவரே மறுபடியும் அதைக் கேட்கலாம். சாதாரணப் பூட்டில் இப்படிச் செய்தால் தன்னாலேயே தான் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பி.கே.எல். எத்தனை முறை கேட்டாலும் கொடுக்கும். எத்தனை முறை வாங்கினோம் என்று ஒரு எண்ணிக்கை மட்டும் வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது குணம்தான் வில்லங்கம். சாவி வைத்திருக்கும் ப்ராசஸ் தூங்கினால் சாவி தானாகவே கைநழுவிவிடும். வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம். தூங்கியவர் எழுந்ததும் சாவி திரும்ப அவர் கைக்கு வந்த பிறகுதான் வேலை தொடரும்.

ஏன் இப்படி? பழைய விதியை நினைத்துப் பாருங்கள். 'தூங்காத வரை நான்தான் ராஜா.' அந்த விதியைப் பல ப்ராசசர்களுக்கும் அப்படியே நீட்டிக்க வேண்டும் என்றால் பூட்டு இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். அதாவது பி.கே.எல். பாதுகாத்தது எந்த ஒரு குறிப்பிட்ட தகவலையும் அல்ல. ஒரே ப்ராசசர் இருந்த காலத்துப் பழக்கத்தைத்தான் அது பாதுகாத்தது!

நல்ல பூட்டு என்றால் 'இந்தப் பூட்டு இந்த அட்டவணைக்கு' என்று சொல்ல முடிய வேண்டும். பி.கே.எல். எதற்காகப் போடப்பட்டிருக்கிறது என்று எந்த இடத்தில் கேட்டாலும் பதில் கிடைக்காது. அதை எடுத்தால் எங்கே எது உடையும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் யாரும் தொடவும் இல்லை.

ஆனாலும் முக்கியமான பாதைகளில் வேலை நடந்தது. 1999 ஜனவரியில் வந்த 2.2, 2001 ஜனவரியில் வந்த 2.4, 2003 டிசம்பரில் வந்த 2.6 என்று ஒவ்வொரு கட்டத்திலும் நெட்வொர்க், நினைவகம், கோப்பு முறைமைகளின் பொதுப் பகுதி ஆகியவை தங்களுக்கென்று தனித்தனிப் பூட்டுகளைப் பெற்றன. அதிகம் நடமாட்டம் இல்லாத மூலைகளில்தான் பி.கே.எல். தங்கிப்போனது. அந்த மூலைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன.

2008: ஒரு சோதனையும் ஒரு சறுக்கலும்

2008 மே மாதம். 2.6.26 பதிப்புக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. ஏஐஎம்7 என்ற வேகச் சோதனையில் கெர்னல் சுமார் 40 சதவீதம் பின்னடைந்திருப்பதாக ஒரு தகவல் வந்தது. காரணத்தைத் தேடிப் போனால், மாத்யூ வில்காக்ஸ் புதிதாக எழுதியிருந்த செமஃபோர் நிரலில் போய் நின்றது. செமஃபோர் என்பதும் ஒரு வகைப் பூட்டுதான். அந்தப் புது நிரலில் தவறு எதுவும் இல்லை. வரிசையில் நிற்பவர்களுக்கு அது முன்பைவிட நியாயமாக இடம் கொடுத்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் பி.கே.எல்லையே ஒரு செமஃபோராக மாற்றியிருந்தார்கள். பி.கே.எல்லை வைத்திருக்கும் ப்ராசஸை இடையில் நிறுத்திவிட்டு அவசர வேலை ஒன்றை ஓட்ட முடிய வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. இப்போது வரிசை ஒழுங்கு கூடியதும், எல்லோரும் அடித்துப் பிடித்து வாங்கும் அந்த ஒற்றைப் பூட்டில் கூட்டம் தேங்கிவிட்டது. மூலையில் கிடக்கிறது என்று நினைத்த பூட்டு இன்னும் நடுக்கூடத்தில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

லினஸ் பி.கே.எல்லை மறுபடியும் ஸ்பின்லாக்காக மாற்றிவிட்டார். ஸ்பின்லாக்கில் காத்திருப்பவர் தூங்க மாட்டார், திறக்கும் வரை அங்கேயே சுற்றிச் சுற்றி வருவார். வேகம் திரும்பியது. ஆனால் பூட்டை வைத்திருப்பவரை இடையில் நிறுத்த முடியாது என்ற பழைய தொல்லையும் கூடவே திரும்பியது. இசைப்பதிவு, இயந்திரக் கட்டுப்பாடு போல ஒவ்வொரு மில்லிசெகண்டும் முக்கியமான வேலைகளுக்கு லினக்ஸைத் தயார் செய்துகொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய பின்னடைவு.

அவர்களில் ஒருவரான இங்கோ மோல்னார் ஒரு முடிவுக்கு வந்தார். இனி பி.கே.எல்லுக்கு மருந்து போட்டுப் பயனில்லை, ஆளையே தீர்த்துவிட வேண்டும்! 'பி.கே.எல்லைக் கொல்' என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு தனிக் கிளையைத் தொடங்கினார். அதில் பி.கே.எல்லின் விசித்திர குணங்களைக் கழற்றிவிட்டு அதைச் சாதாரண மியூடெக்ஸ் பூட்டாக மாற்றினார். இப்படிச் செய்தால் பல இடங்கள் உடையும் என்பது அவருக்குத் தெரியும். உடைய வேண்டும் என்பதுதான் நோக்கமே. 2006-இல் அவரும் ஆர்யன் வான் டெ வெனும் கெர்னலில் சேர்த்திருந்த 'லாக்டெப்' என்ற கருவி, பூட்டுகள் எந்த வரிசையில் வாங்கப்படுகின்றன என்று கவனித்துக்கொண்டே இருக்கும். நிஜமாகவே சிக்கிக்கொள்வதற்கு முன்பே 'இங்கே சிக்கல் வரலாம்' என்று கத்திவிடும். சாதாரணப் பூட்டாக மாறியதும் பி.கே.எல்லும் அதன் கண்ணில் பட ஆரம்பித்தது.

அதே வருடம் ஜொனாதன் கார்பெட் இன்னொரு பொறுமையான வேலையைச் செய்தார். டிவைஸ் ஒன்றைத் திறக்கும்போது கெர்னலின் பொதுப்பகுதி எல்லா டிரைவர்களுக்கும் சேர்த்து பி.கே.எல்லை வாங்கிவந்தது. அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் தனித்தனியாகப் பூட்டை வைத்தார். மொத்தப் பூட்டுகள் குறையவில்லை, கூடின! ஆனால் இப்போது ஒவ்வொரு டிரைவராக எடுத்து 'இதற்கு நிஜமாகவே பூட்டு வேண்டுமா?' என்று கேட்க முடிந்தது.

ரெய்சர்எஃப்எஸ் என்ற முடிச்சு

எல்லாவற்றிலும் கஷ்டமான மூலைகளில் ஒன்று ரெய்சர்எஃப்எஸ். ஹான்ஸ் ரெய்சரின் நேம்சிஸ் நிறுவனம் உருவாக்கிய இந்தக் கோப்பு முறைமை 2001 தொடக்கத்தில் 2.4.1 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மின்சாரம் போனாலும் வட்டு குழம்பாமல் காக்கும் 'ஜர்னலிங்' வசதியோடு அதிகாரபூர்வ லினக்ஸில் நுழைந்த முதல் கோப்பு முறைமை அதுதான்.

அதன் உள்ளே எல்லாமே ஒரு மர வடிவ அமைப்பில் இருக்கும். அந்த மரத்தைக் காத்தது பி.கே.எல். அதைவிட முக்கியம், தூங்கினால் சாவி நழுவும் என்ற குணத்தை நம்பியே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. மரத்தில் ஒரு கிளையைத் தேடும்போது வட்டிலிருந்து படிக்க வேண்டியிருந்தால் தூங்கும். சாவி நழுவும். அந்த இடைவெளியில் வேறொருவர் வந்து மரத்தை மாற்றியிருக்கலாம். எழுந்ததும் 'நான் தூங்கியபோது மரம் மாறிவிட்டதா?' என்று ஒரு எண்ணைப் பார்த்துச் சோதிக்கும். மாறியிருந்தால் மறுபடி முதலிலிருந்து தேடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் பூட்டு நழுவாது என்று ஆகிவிட்டால்?

ஃப்ரெடெரிக் வைஸ்பெக்கர் 2009-இல் இந்த முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தார். மவுன்ட் செய்யப்பட்ட ஒவ்வொரு ரெய்சர்எஃப்எஸ் பகுதிக்கும் சொந்தமாக ஒரு மியூடெக்ஸ் கொடுத்தார். மியூடெக்ஸ் தானாக நழுவாது. எனவே தூங்கக்கூடிய இடங்களைத் தேடிக் கண்டுபிடித்து, 'தூங்குவதற்கு முன் திற, எழுந்ததும் பூட்டு' என்று கையாலேயே எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதும்போது டெட்லாக் முளைத்தது.

அது இப்படி நடக்கும். முதல் ப்ராசஸ் ரெய்சர்எஃப்எஸ்ஸின் பெரிய பூட்டை வாங்குகிறது. அடுத்து ஜர்னலின் பூட்டையும் வாங்குகிறது. எதற்காகவோ காத்திருக்க வேண்டியிருப்பதால் பெரிய பூட்டை மட்டும் விடுகிறது. ஜர்னல் பூட்டு இன்னும் அதன் கையில்தான். இந்த நேரத்தில் இரண்டாவது ப்ராசஸ் வந்து பெரிய பூட்டை எடுத்துக்கொள்கிறது. பிறகு ஜர்னல் பூட்டைக் கேட்டு நிற்கிறது. முதலாவது எழுந்து பெரிய பூட்டைக் கேட்கிறது. கிடைக்காது, அது இரண்டாவதிடம் இருக்கிறது. இரண்டாவதுக்கு ஜர்னல் பூட்டு கிடைக்காது, அது முதலாவதிடம் இருக்கிறது. நீ முதலில் விடு, நீ முதலில் விடு என்று இரண்டும் கடைசிவரை நிற்கும். அந்த வட்டில் எழுத வரும் மற்ற நிரல்கள் எல்லாம் பின்னால் வரிசையில் தேங்கும்.

பி.கே.எல். இருந்தவரை இது நடக்காது. ஜர்னல் பூட்டுக்காக இரண்டாவது ப்ராசஸ் தூங்கிய உடனே பெரிய சாவி நழுவியிருக்கும், முதலாவது எடுத்துக்கொண்டு போயிருக்கும். எல்லோரும் திட்டிய அந்த விசித்திர குணம், யாருக்கும் தெரியாமல் பல வருடங்களாக இந்தச் சிக்கலைத் தடுத்து வந்திருக்கிறது.

வைஸ்பெக்கர் கண்ட தீர்வு, பழைய குணத்தையே வெளிப்படையாக எழுதுவது. ஜர்னல் பூட்டு போன்றவற்றை வாங்கப் போகும் முன் பெரிய பூட்டை விட்டுவிட வேண்டும். அந்தச் சின்னப் பூட்டு கிடைத்த பிறகு பெரியதைத் திரும்ப வாங்க வேண்டும். இதற்கென்றே ஒரு தனி ஃபங்ஷன் எழுதி, மேலே சொன்ன டெட்லாக் கதையைப் படிப்படியாக அதன் தலையில் குறிப்பாகவும் எழுதி வைத்தார். 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33-இல் ரெய்சர்எஃப்எஸ் பி.கே.எல். இல்லாமல் ஓடியது. இதன் பிறகும் பூட்டு வரிசைச் சிக்கல்கள் தலைகாட்டின, அவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள்.

பூட்டுகளைக் காத்த பூட்டு

கடைசிவரை நின்ற மூலைகளில் ஒன்றில் ஒரு வேடிக்கை இருந்தது. நிரல்கள் ஒரு கோப்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும் வசதி கெர்னலில் உண்டு. இரண்டு நிரல்கள் ஒரே அஞ்சல் கோப்பில் ஒரே நேரத்தில் எழுதிவிடாமல் இருக்க இது பயன்படும். யார் எந்தக் கோப்பைப் பூட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியலைக் காத்தது எது? அதே பி.கே.எல்தான்!

இதை ஒரு ஸ்பின்லாக்காக மாற்றுவது ஒரு வரி வேலை போலத்தான் தெரிந்தது. ஆனால் ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கோப்பின் மீது 'லீஸ்' என்ற ஒரு வகை உரிமையைக் கொடுக்கும் நிரலோ பூட்டுக்குள் இருந்தபடியே நினைவகம் கேட்டது. நினைவகம் கேட்டால் தூங்க நேரலாம். எனவே நினைவகத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பூட்டும்படி முறையை மாற்ற வேண்டியிருந்தது. பூட்டை மாற்றப் போனவர்கள் வேலையின் வரிசையையே மாற்றினார்கள்.

2011 ஜனவரியில் வந்த 2.6.37-இல் முதல்முறையாக பி.கே.எல். இல்லாமலே கெர்னலை உருவாக்க முடிந்தது. பழைய டிரைவர்களும் அதிகம் புழங்காத கோப்பு முறைமைகளும் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. பெர்க்மன் அவற்றையும் ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டுக் கடைசி மாற்றத்தை அனுப்பினார். 2011 மே மாதம் வந்த 2.6.39-இல் பி.கே.எல். இல்லை. 2.6 வரிசையின் கடைசிப் பதிப்பும் அதுதான். அடுத்து வந்தது 3.0.

எழுதாத விதிக்குக் கொடுத்த விலை

இது லினக்ஸுக்கு மட்டும் நடந்த கதை அல்ல. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்திலும் 'ஜயன்ட்' என்ற ஒரே பூட்டு இருந்தது, அதைப் பிரித்தெடுக்கவும் பல வருடம் பிடித்தது. பைத்தான் மொழியின் புகழ்பெற்ற ஒற்றைப் பூட்டு தொண்ணூறுகளிலிருந்து இருக்கிறது. அது இல்லாத ஒரு வடிவம், பரிசோதனையாக, 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில்தான் கிடைத்தது. அங்கேயும் தடையாக இருந்தது ஒன்றேதான்: அந்தப் பூட்டு இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்ட, எங்கெங்கோ கிடக்கும் நிரல்கள்.

ரெய்சர்எஃப்எஸ்ஸின் கதையும் முடிந்துவிட்டது. 2022-இல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வந்த 6.13-இல் கெர்னலிலிருந்தே நீக்கினார்கள். வைஸ்பெக்கர் போட்ட பூட்டும், அதன் தலையில் எழுதி வைத்த டெட்லாக் கதையும் அதோடு போயின. அதனால் அந்த உழைப்பு வீண் என்று சொல்லிவிட முடியாது. அதுவும் அது போன்ற நூற்றுக்கணக்கான மூலைகளும் சரியாகாமல் அந்தக் கடைசி வரிகளை யாரும் அழித்திருக்க முடியாது.

1996-இல் பூட்டைப் போட்டவர்கள் செய்தது தவறு அல்ல. 'இந்தப் பூட்டு இங்கே எதற்கு' என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வரிகளைப் பிறகு வந்தவர்கள் தேடித் தேடி எழுத வேண்டியதாயிற்று. பதினைந்து வருடம் போனது அதற்குத்தான்.